எம்எக்ஸ்-5 ஓட்டியவர் 911க்கு மாறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை. ஆறு வருடம் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தேன். நான்காம் தலைமுறை, கூரை திறக்கும் இரண்டு சீட் வண்டி, 2 லிட்டர் எஞ்சின், 160 குதிரைத்திறன். அதைக் கொடுத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 911 கரேரா வாங்கினேன். 2013 மாடல், 991 என்று சொல்லப்படும் தலைமுறை. டர்போ இல்லாத 3.4 லிட்டர் எஞ்சின், 350 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஏழு கியர். இரண்டு வண்டியிலும் பின்சக்கரங்களுக்குத்தான் சக்தி போகிறது, இரண்டிலும் கிளட்ச் உண்டு. ஒன்றை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். ஓட்ட வந்தது. ஆனால் காலில் ஊறிய ஒரு பழக்கத்தை விட வேண்டியிருந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எது வேகமான வண்டி?

911. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எம்எக்ஸ்-5க்கு 7.3 வினாடி வேண்டும், 911க்கு 4.8 போதும். இந்த வேகம் முதல் வாரம் மட்டும்தான் பிரமிப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும். மாறுபவர் கவனிக்க வேண்டியது வேறு.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எதில்?

பாரம் எங்கே இருக்கிறது என்பதில்.

எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 1000 கிலோ. எஞ்சின் முன்னால் இருந்தாலும் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் முன்னும் பின்னும் பாரம் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. என் 911 ஆள் ஏறாமல் 1380 கிலோ. அதில் ஏறக்குறைய 39 சதவீதம் முன்னால், 61 சதவீதம் பின்னால்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எம்எக்ஸ்-5இன் முன்சக்கரங்கள் சுமப்பது சுமார் 500 கிலோ, 911இன் முன்சக்கரங்கள் சுமப்பது சுமார் 540 கிலோ. அதாவது முன்பக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. கூடுதலாக வந்த 380 கிலோவில் பெரும்பகுதி அப்படியே பின்னச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கையில் பிடித்திருக்கும் முனை எடை கூடவில்லை, முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் கூடியிருக்கிறது. அதனால்தான் டெஸ்ட் டிரைவில் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டுபவர் 'இதுவும் லேசான வண்டிதான்' என்று நினைத்துக்கொள்கிறார்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. மூட்டைகளைப் பின்னால் அடுக்கிப் பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் ஆனால் நுகம் கழுத்தை அழுத்தும். வண்டிக்காரர் ஒரு மூட்டையை நகர்த்திச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புவார். 911 பிறவியிலேயே பின்பார வண்டி. மூட்டையை நகர்த்த வழியில்லை. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் வைத்துத்தான் ஒவ்வொரு வளைவிலும் பாரத்தை நகர்த்த வேண்டும்.

இவ்வளவு சிக்கல் என்றால் எஞ்சினை ஏன் பின்னால் வைத்தார்கள்?

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் எஞ்சின் பின்னால் இருந்தது. அதிலிருந்து பிறந்த போர்ஷே 356இலும் அப்படியே. அதன் வாரிசாக 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் வந்த வண்டியும் அந்த அமைப்பையே தொடர்ந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கு உரியவை என்று பிரெஞ்சுக் கார் நிறுவனமான பியூஜோ ஆட்சேபித்ததால் 911 ஆனது.

தொடக்க கால 911களில் பின்பாரத்தின் தொல்லை வெளிப்படையாகவே தெரிந்தது. சில ஆண்டுகள் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்து அனுப்பினார்கள். வண்டிக்காரர் மூட்டையை முன்னால் இழுத்த அதே வேலைதான். 1969 மாடலில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268க்கு நீட்டினார்கள். பின்சக்கரங்கள் பின்னோக்கி நகர்ந்ததால் தொங்கும் பாரத்தின் ஆட்டம் குறைந்தது. என் வண்டியின் தலைமுறை 2011இல் வந்தபோது அதற்கு முந்தைய தலைமுறையைவிட 100 மில்லிமீட்டர் நீட்டி 2450 ஆக்கினார்கள். வேறு எவராக இருந்தாலும் எஞ்சினை இடம் மாற்றியிருப்பார்கள். இவர்களோ அறுபது ஆண்டுகளாக அதே இடத்தில் வைத்து, சுற்றியுள்ள எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடக்கியிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பின்பாரத்துக்குப் பலனும் உண்டு. சக்தி போகும் சக்கரங்களின் மேலேயே எஞ்சின் உட்கார்ந்து அழுத்துவதால், வளைவை விட்டு வெளியே வரும்போது கிடைக்கும் பிடிப்பு அபாரம்.

சீட்டில் உட்கார்ந்ததும் என்ன மாற்றம் தெரியும்?

எம்எக்ஸ்-5இல் நீங்கள் கிட்டத்தட்டப் பின்சக்கரங்களுக்கு முன்னால் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருப்பீர்கள். நீண்ட பானெட் முன்னால் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உங்களுக்கு எதிரே பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் பார்ப்பீர்கள். 911இல் முன்சக்கரங்கள் உங்கள் பாதத்துக்கு அருகில், எஞ்சின் எங்கோ பின்னால். மூக்கு நகர்வது அவ்வளவாகத் தெரியாது. அதற்குப் பதிலாக, முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று உங்களைத் தொடர்ந்து வருகிறது என்ற உணர்வு இடுப்பில் கிடைக்கும். செய்தி வரும் திசை மாறிவிடுகிறது. முன்பு கண்ணும் கையும் சொன்னதை இப்போது இடுப்பு சொல்கிறது. இதைக் கேட்கப் பழகத்தான் நாளாகும்.

மற்றவை சின்ன விஷயங்கள். சாவித் துவாரம் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். முதல் மாதம் முழுக்க வலது கை வெறும் காற்றைத் துழாவியது. ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் பெரிதாக இருப்பது எஞ்சின் சுழற்சி காட்டுவது. கண்ணாடி வழியே பார்த்தால் முன் விளக்குகளின் மேடு இரண்டு பக்கமும் தெரியும், அதை வைத்துச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாக வைக்கலாம். எம்எக்ஸ்-5 1735 மில்லிமீட்டர் அகலம், இது 1808. ஏட்டில் பார்த்தால் நான்கு விரல் அகலம்தான் கூடுதல். கிராமத்துச் சாலையில் எதிரே டிராக்டர் வரும்போது அந்த நான்கு விரல் நன்றாகவே தெரியும்.

ஸ்டீயரிங் எப்படி?

ஒப்பிட நல்ல ஜோடி இது, ஏனென்றால் இந்த இரண்டு தலைமுறைகளிலும்தான் அந்தந்த வண்டிக்கு முதன்முதலாக மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தது. இரண்டையும் பழைய ரசிகர்கள் திட்டினார்கள்.

எம்எக்ஸ்-5இன் ஸ்டீயரிங் லேசானது. திருப்பிய கணமே மூக்கு கேட்கும். ஆனால் டயரின் பிடி தளரும்போது விரலில் வரும் சேதி கொஞ்சம் மங்கல். 911இல் நேர்ச்சாலையிலேயே ஒரு கனம் இருக்கிறது. வளைவில் நுழையும்போது அந்தக் கனம் படிப்படியாகக் கூடும், முன் டயர் விட்டுக்கொடுக்கத் தொடங்கும்போது குறையும். அந்தக் குறைவுதான் எச்சரிக்கை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஸ்டீயரிங் லேசாகிவிடுவதும் தெரியும், நுகத்தடி தூக்குவதைப் போலவே.

கையில் வரும் உணர்வுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் 911க்குத்தான் போடுவேன். இதை ஒப்புக்கொள்ளாத எம்எக்ஸ்-5 நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு.

வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும்?

நான் விட வேண்டியிருந்த பழக்கம் இதுதான்.

எம்எக்ஸ்-5இல் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டால், காலை லேசாகத் தூக்குவேன். பாரம் முன்னால் சாயும், முன் டயருக்குப் பிடி கூடும், மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டு வரும். வால் ஒரு சிறிது நழுவும், அதுவும் உதவிதான். தப்பைத் திருத்தும் கருவியே அதுதான். ஆறு வருடம் ஆயிரக்கணக்கான வளைவுகளில் இதைச் செய்ததில், யோசிக்காமலே கால் செய்யும் வேலையாகிவிட்டது.

911 வாங்கிய இரண்டாவது வாரம், அக்டோபர் மாதம். பாடன்-பாடனிலிருந்து பிராய்டன்ஷ்டாட் வரை மலைமேல் போகும் 60 கிலோமீட்டர் சாலை ஒன்று இருக்கிறது. பி500, கருங்காட்டு உயர்சாலை என்பார்கள். காலையில் மழை பெய்து நின்றிருந்தது. வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு, நினைத்ததைவிடக் கூடுதலாக வளைந்தது. வேகம் பெரிதாக ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் கால் தானாகத் தூக்கியது.

மூக்கு உள்ளே வந்தது. அதோடு நிற்கவில்லை. இடுப்புக்குக் கீழே தரை இடப்பக்கம் நழுவியது போல ஓர் உணர்வு. வால் வெளியே போகிறது என்று புரிவதற்குள், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுப் பிடித்துவிட்டது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. அவ்வளவுதான். வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். நான் மும்மல்சே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். காலை எடுத்ததும் பாரம் முன்னால் ஓடியது, பின் டயர்களை அழுத்திப் பிடித்திருந்த எடை குறைந்தது. அதே நேரம் எஞ்சின் பிரேக், அதாவது காலை எடுத்ததும் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் இழுப்பு, அந்தப் பின் டயர்களையே இழுத்துப் பிடித்தது. ஈரத் தரையில் அந்த இரண்டு வேலையையும் அவற்றால் சேர்த்துச் செய்ய முடியவில்லை. பிடி விட்டதும் பின்னால் இருக்கும் எடை தன் போக்கில் நேராக, அதாவது வளைவின் வெளிப்பக்கமாகப் போகப் பார்த்தது. எம்எக்ஸ்-5இலும் இதே இயற்பியல்தான். ஆனால் அங்கே வாலில் எடை குறைவு, அதனால் வெளியே வந்தாலும் சீக்கிரம் அடங்கும். இங்கே முனை கனத்த அம்பைத் திருப்பிப் பிடித்து எறிந்தது போல, பின்னால் இருக்கும் கனம் முன்னால் வரத் துடிக்கும்.

கூடவே இன்னொன்று. 911இன் பின் டயர்கள் அகலமானவை, பிடி அதிகம். ஆகவே எளிதில் விடாது. ஆனால் விடும்போது எம்எக்ஸ்-5 தரும் அவகாசத்தைத் தராது.

காலை எடுக்கக் கூடாது என்றால், வேகமாக நுழைந்துவிட்டால் என்ன செய்வது?

காலை அசைக்காமல் வைத்திருங்கள். முழுக்கத் தூக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்புங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகப் பிடி அந்த டயர்களில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் காலைத் தளர்த்துங்கள். சொல்வது சுலபம். பயம் வந்த கால் தானாக மேலே வரும், அதைத் தடுக்கத்தான் பயிற்சி.

சரியான பதில், வேகமாக நுழையாமல் இருப்பதுதான். 911இல் வளைவுக்கு உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. எல்லா முடிவும் வளைவுக்கு முன்னால்.

அந்த வரிசையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

நேர்ச்சாலையிலேயே பிரேக் போட்டு முடித்துவிடுவது முதல் வேலை. ஆனால் 'முடித்துவிடுவது' என்பதில் ஒரு நுணுக்கம். பிரேக்கை முழுக்க விட்டுவிட்டுத் திருப்பினால் முன்பாரம் போய்விடும், லேசான மூக்கு வெளிப்பக்கமே போகும். வேகமாகக் கொண்டை ஊசி வளைவில் நுழையும் புதியவர்கள் 'இது திரும்பவே மாட்டேன் என்கிறதே' என்று சொல்வது இதனால்தான். ஆகவே திருப்பத் தொடங்கும்போது பிரேக் மிதியின் மேல் ஒரு முட்டையை வைத்து மிதித்திருப்பது போல லேசான அழுத்தம் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அந்த அழுத்தம் கரைந்துபோக வேண்டும். ட்ரெயில் பிரேக்கிங் என்பது இதைத்தான்.

அடுத்தது காத்திருப்பது. எம்எக்ஸ்-5க்காரருக்கு மிகவும் கஷ்டமானது இது. மூக்கு உள்ளே வந்து சேரும் வரை அரை வினாடி, ஒரு வினாடி எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். பொறுக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மறுபடியும் நுகத்தடி தூக்கிவிடும், வண்டி அகலப் போகும்.

மூக்கு வந்துவிட்டதென்றால் அழுத்தலாம். அப்போது பின்பக்கம் தாழ்ந்து உட்காரும், டயர் தரையை அள்ளும், முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளுவது போல வளைவை விட்டு வெளியே வருவீர்கள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள் என்பது என் கருத்து. எம்எக்ஸ்-5இல் இப்படி ஒன்று இல்லை. அங்கே இன்பம் நுழைவிலும் நடுவிலும், இங்கே வெளியேறும்போது.

பிரேக்?

இதில் 911 ஒரு படி அல்ல, பல படி மேல். பிரேக் போடும்போது எல்லா வண்டியிலும் பாரம் முன்னால் ஓடும். எம்எக்ஸ்-5இல் அதனால் வால் லேசாகி, முன் பிரேக்குகளே பெரும்பாலான வேலையைச் செய்யும். 911இல் பின்பாரம் முன்னால் நகர்ந்தால் நான்கு சக்கரமும் ஏறக்குறைய சமமாகப் பங்கெடுக்கும் நிலை வருகிறது. அதனால் வண்டி தரையோடு அமுங்கி நிற்கும். மிதி உறுதியாக இருக்கும், எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு நிற்கும், மிதி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதால் அல்ல.

கியர், கிளட்ச்?

கியரில் எம்எக்ஸ்-5ஐ மிஞ்ச ஆளில்லை. குட்டையான லீவர், மணிக்கட்டை அசைத்தால் போதும், ஒவ்வொரு கியரும் டக்கென்று உட்காரும். 911இன் கியர் பெட்டியில் ஏழு இடம். ஐந்திலோ ஆறிலோ இருந்தால்தான் ஏழாவதுக்குப் போக முடியும் என்று பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவசரத்தில் நான்கா ஆறா என்று கை தயங்கும். கிளட்ச் கனம். ஊர் நெரிசலில் இடது கால் வலிக்கும்.

கியரின் நீளத்திலும் பெரிய வித்தியாசம். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் வரம்பு 100 கிலோமீட்டர். 911 இரண்டாவது கியரிலேயே அதைத் தாண்டிவிடும். எம்எக்ஸ்-5 அதற்குள் மூன்றாவதுக்கு மாறியிருக்கும். எஞ்சின் உச்சக் குரலில் பாட, வேக வரம்புக்குள்ளேயே கியர் மாற்றி மாற்றி ஓட்டும் சந்தோஷம் எம்எக்ஸ்-5இல் தினமும் கிடைத்தது. 911இன் எஞ்சின் 7800 சுழற்சி வரை ஏறும், 5000க்கு மேல் அந்தக் குரல் மயிர்க்கூச்செறியும். ஆனால் அதைக் கேட்கும்போது நீங்கள் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமம் போகும்.

எம்எக்ஸ்-5 வளைவில் சாய்கிறதே, அது குறையில்லையா?

குறை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 911க்கு வந்த பிறகுதான் அந்தச் சாய்வின் அருமை தெரிந்தது. சாய்வு ஓர் அளவுகோல். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு பிடியைச் செலவழித்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரியும். 911 மிகக் குறைவாகத்தான் சாயும், 80 கிலோமீட்டரிலும் 110இலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும். அதனால் எல்லை எங்கே என்பதைச் சாய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டீயரிங்கின் கனத்தையும் இடுப்பின் உணர்வையும்தான் நம்ப வேண்டும்.

1989இல் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோதே, குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாவது என்ற பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத்தான் அதை உருவாக்கியவர்கள் நோக்கமாக வைத்தார்கள். குதிரை அசைந்தால்தானே மேலே இருப்பவனுக்குத் தெரியும்.

மழையிலும் குளிரிலும்?

நேர்ச்சாலையிலும் புறப்படும்போதும் 911 மேல், பின்பாரம் டயரைத் தரையில் அழுத்துவதால். வளைவில் நுழையும்போது எம்எக்ஸ்-5 மேல், முன்னும் பின்னும் ஒரே மாதிரி நடப்பதால். ஆட்டோபானில் தண்ணீர் தேங்கியிருந்தால் 911இல் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அகலமான டயர், லேசான மூக்கு, இரண்டும் சேர்ந்து தண்ணீரில் மிதக்கப் பார்க்கும்.

டயரில் என்ன கவனிக்க வேண்டும்?

இதற்கு மட்டும் கறாராகப் பதில் சொல்வேன். எம்எக்ஸ்-5இல் நான்கும் ஒரே அளவு, 205 மில்லிமீட்டர் அகலம். முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். என் 911இல் முன்னால் 235, பின்னால் 285. மாற்றிப் போட முடியாது. பின் டயர்தான் வேகமாகத் தேயும், அதுவே இந்த வண்டியின் உயிர்நாடி. பின்னால் தேய்ந்த டயரும் முன்னால் புது டயருமாக ஓட்டுவது, மேலே சொன்ன அந்த அக்டோபர் காலையை வரவழைக்கும் நேர்வழி.

காற்றழுத்தமும் முன்னும் பின்னும் ஒன்றல்ல, பின்னால் கூடுதல். எம்எக்ஸ்-5 பழக்கத்தில் நான்குக்கும் ஒரே அளவு காற்றடித்துவிடாதீர்கள். போர்ஷே தன் வண்டிகளுக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களில் பக்கச் சுவரில் 'என்' எழுத்து முத்திரை இருக்கும். அதைப் பார்த்து, நான்கும் ஒரே வகையாக வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குபவர் டயரின் ஆழத்தோடு வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். விலை உயர்ந்த வண்டிகள் அதிகம் ஓடாமல் நிற்பதால் டயர் தேயாமலே கிழடு தட்டிப் போயிருக்கும். கையில் வந்தபோது என் வண்டியின் பின் டயர்கள் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தன, வயது ஏழு. அந்த ஏரிக்கரையில்தான் குனிந்து படித்தேன். மறுவாரமே மாற்றினேன்.

மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டினால்தானே உண்மையான உணர்வு?

பொதுச்சாலையில் வேண்டவே வேண்டாம்.

போர்ஷேயின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான கேமேன் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா?

பெரும்பாலும் இருக்காது. அதில் எஞ்சின் ஓட்டுபவருக்குப் பின்னால், ஆனால் பின்னச்சுக்கு முன்னால். பாரம் நடுவில் குவிந்திருப்பதால் வண்டி தன்னைச் சுற்றித் திரும்புவது சுலபம். இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள், பிறகு ஒரு குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். கேமேன் அந்த இடுப்புக்குடம். எம்எக்ஸ்-5இலிருந்து மாறுபவருக்கு இதுவே இயல்பான அடுத்த படி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் திரும்பத் தொடங்கினால் இதுவும் வேகமாகவே திரும்பும். நடு எஞ்சின் வண்டி சுழலாது என்று நினைத்துவிட வேண்டாம்.

பழைய, காற்றால் குளிரும் 911?

அவை 1998 வரை வந்தன. அவற்றில் மிதிகள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்து நிற்கும். 1989இல் வந்த 964 தலைமுறைக்கு முன்பு பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. நண்பர் ஒருவருடைய 1980களின் வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டினேன். என் வண்டியில் மென்மையாகச் சொல்லப்படுவதெல்லாம் அங்கே உரக்கக் கேட்டது. பள்ளம், மேடு, சாலையின் சரிவு என்று ஸ்டீயரிங் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. பிடித்த வண்டி. ஆனால் அதில் சறுக்கலைத் தடுக்க எந்த மின்னணுவும் இல்லை. நவீன 911இல் ஒரு வருடமாவது பழகாமல் அதைத் தொடாதீர்கள்.

எங்கே பழகுவது?

ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சி நடத்துகிறது. தண்ணீர் தெளித்த வழுக்குத் தளத்தில் உங்கள் சொந்த வண்டியையே குறைந்த வேகத்தில் சறுக்க விடலாம். என் நான்கு டயரின் விலையைவிட மிகக் குறைவான கட்டணம். அந்த வட்டத் தளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே காலைத் தூக்கி, வால் வருவதை இடுப்பால் உணர்ந்து, காலை அசைக்காமல் ஸ்டீயரிங்கால் பிடிக்கக் கற்றேன். முதல் பத்து முறையும் வண்டி சுற்றிக்கொண்டது. பதினைந்தாவது முறைக்கு மேல்தான் கால் கட்டுப்பட்டது. மதியம் வரை அதையே செய்தேன்.

நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.8 கிலோமீட்டர் வடக்குச் சுற்று காசு கட்டினால் யாருக்கும் திறந்திருக்கும் என்பது உண்மை. வண்டி மாறிய முதல் வருடம் அங்கே போகாதீர்கள். தப்பைத் திருத்த அங்கே ஓரத்தில் இடமில்லை.

911க்குப் பிறகு எம்எக்ஸ்-5ஐ மறுபடி ஓட்டினால் சப்பென்று இருக்குமா?

சப்பென்று இருக்காது, தடுமாற்றமாக இருக்கும். என் பழைய வண்டியை வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர், போன வசந்தத்தில் ஒருநாள் ஓட்டத் தந்தார். முதல் வளைவில் 911 வழக்கப்படி பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி திருப்பினேன், மூக்கு தேவைக்கு மேல் உள்ளே பாய்ந்தது. வெளியேறும்போது முன்கூட்டியே அழுத்தினேன், உள்பக்கப் பின்சக்கரம் லேசாகச் சுழன்றது, அங்கே அழுத்திப் பிடிக்க எஞ்சின் இல்லையே. எனக்குத் தெரியாமலே நான் மாறியிருந்தேன்.

பத்துப் பதினைந்து வளைவுக்குப் பிறகு பழைய தாளம் திரும்பியது. ஒரு இடத்தில் கொஞ்சம் வேகமாகவே நுழைந்தேன், கால் தானாகத் தூக்கியது, மூக்கு உள்ளே வந்தது, வால் ஒரு சிறிது அசைந்து அடங்கியது. கூரை திறந்திருந்தது. பக்கத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணா, நான் எதை வாங்கட்டும்?

ஊரிலிருந்து சித்தப்பா மகன் கேட்டது. இப்போது அவன் மியூனிக்கில் இருக்கிறான், இதுவரை ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் ஓட்டியதில்லை. அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதலில் எம்எக்ஸ்-5 வாங்கு தம்பி, குறைந்தது மூன்று வருடம் ஓட்டு. பாரம் எப்படி நகர்கிறது என்பதைக் குறைந்த வேகத்தில், குறைந்த செலவில், அடிபடாமல் கற்றுத்தர அதைவிட நல்ல வண்டி கிடையாது. 911க்கு வரும் நாளில் என்னைக் கூப்பிடு. கையெழுத்துப் போடும் முன் பின் டயரின் அந்த நான்கு இலக்கத்தை நாம் இரண்டு பேருமாகப் படிப்போம்.